கீழைநாட்டுப் போர்ப்பயிற்சியும் ஐம்பூதக் குறிகளும்

1. தோற்றுவாய்

நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐந்தும் உலகிற்கு முதலாவன என்பது நம் நாட்டுச் சமயத்தார் பலரும் உடன்பட்டதொன்று. உலகாயதர் வெளியை ஒழித்து நான்கென்பர். ஏனையோருட் பலர் ஐந்தெனக் கொள்வர். இவ்வைந்தின் பெயர்களும், இவற்றோடு ஒப்பன சிலவும், சீனம் ஜப்பான் என்னும் கீழைநாடுகளின் போர்ப்பயிற்சி நூல்களிற் பயில வழங்குகின்றன. ஜப்பானிய வாள்வீரர் ஒருவர் தம் கலையைக் கூறும் நூலுக்கு நிலம், நீர், தீ, காற்று, வெளி என ஐந்து பிரிவு வகுத்தார். சீன ஆசிரியர் சிலர் கைவீச்சு ஐந்தினுக்கு ஐந்து இயற்கைப் பொருள்களின் பெயரிட்டுப் பயிற்றினர்.

இக்கலைகள் இந்நாளில் நம் நாட்டிலும் பரவியுள்ளன. கராத்தே, குங்ஃபு, ஜூடோ முதலியவற்றைப் பயிலும் இளைஞர் ஊர்தோறும் உளர். அவருட் சிந்தனையுடையார் சிலர் சித்தாந்த வகுப்புக்களையும் திருமடங்களையும் அடைந்து மூன்று வினாக்களை எழுப்புகின்றனர். அந்நாட்டார் கூறும் ஐந்தும் நம் ஐம்பூதமும் ஒன்றோ என்பது முதல் வினா. இக்கலை காஞ்சியினின்று போந்த போதிதருமர் அவர்க்குக் கொடுத்ததோ என்பது இரண்டாவது. அவர் ஈற்றில் வைத்த வெளி நம் தில்லைத் திருவெளியேயோ என்பது மூன்றாவது. மூன்றற்கும் ஆம் என விரைந்து விடை கூறி மகிழ்வோரும், அயலார் கொள்கையால் நமக்கு ஆவதென் என வாளாவிருப்போரும் உளர். முன்னது வரலாற்றிற்கும் சித்தாந்தத்திற்கும் முரணாம். பின்னது வினாவியவரை நூலறிவில்லாதார் கையில் விடுத்தலாம். ஆகலின் இம்மூன்றையும் முறையே ஆராய்தற்கு யாம் ஈண்டுப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு அளவுகோலாக ஒன்றனை முதற்கண் கொள்க. பூதத்தின் பெயர் ஒரு நூலில் வருமிடத்து, அது பொருளாக வைக்கப்பட்டதா, குறியாக வைக்கப்பட்டதா என நோக்குதல் வேண்டும். ஆசிரியர் தண்ணீரை உள்ளபொருளென எண்ணி அதன் தோற்ற ஒடுக்கங்களைக் கூறின் அது பொருள். தண்ணீரைக் காட்டி, நீ இதுபோல் இயங்குக என மாணவனுக்கு உணர்த்தின் அது குறி. பொருளையும் குறியையும் ஒன்றாகக் கொள்ளுதலே இத்துறையில் நிகழும் பிழைகட்கெல்லாம் வித்து.

2. சீனர் கூறும் ஐந்து

சீனர் எண்ணும் ஐந்து மரம், தீ, மண், உலோகம், நீர் என்பன. அவர் இவற்றை 'ஊ ஷிங்' என்று வழங்குவர். ஊ என்பது ஐந்து; ஷிங் என்பது நடத்தல், இயங்குதல் என்னும் பொருட்டு. எனவே, ஐந்து பூதம் என்பதினும் ஐந்து இயக்கம் என்பதே அச்சொல்லுக்கு இயைந்த மொழிபெயர்ப்பாம். அவர்தம் பழநூலாகிய ஷூ ஜிங், இவ்வைந்தையும் எண்ணுமிடத்து ஒவ்வொன்றையும் அதன் தொழில் பற்றியே விளக்குகின்றது. நீருக்கு நனைத்தலும் கீழ்நோக்கலும், தீக்குச் சுடுதலும் மேல்நோக்கலும், மண்ணுக்கு விளைவு தருதலும் இயல்பாகக் கூறப்படும். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ட்சோ யென் என்னும் அறிஞர் இவ்வைந்தின் முறையை விரித்து, அரச மரபுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுதற்கும் அதனையே காரணமாகக் காட்டினர்.

இவ்வைந்தினிடையே இருவகைத் தொடர்புண்டு. ஒன்று ஈனும் தொடர்பு: மரம் தீயை ஈனும், தீ சாம்பலாய் மண்ணை ஈனும், மண் உலோகத்தையும், உலோகம் நீரையும், நீர் மரத்தையும் ஈனும். மற்றொன்று அடக்கும் தொடர்பு: மரம் மண்ணைப் பிளந்து வேரூன்றும், மண் நீரைத் தடுக்கும், நீர் தீயை அவிக்கும், தீ உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். ஈன்றலும் அடக்கலுமாகிய இவ்விரு வட்டங்களும் இடையறாது சுழலுதலே உலகியல் என்பது அவர் கருத்து. வேனில் முதலிய பருவங்களும், திசைகளும், உடலின் உள்ளுறுப்புக்களும் இவ்வைந்தின்கண் அடக்கி உரைக்கப்படும்.

அற்றேல், இவை நம் பூதங்களே. வளியும் வெளியும் மட்டும் அவர்க்குப் புலப்படாமையின் மரத்தையும் உலோகத்தையும் கூட்டி ஐந்தாக்கினர் எனக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. நம் நூல்நெறியில் மரம் பிருதிவியின் காரியம். பொன் முதலிய உலோகத்தைத் தார்க்கிகர் தேயுவின்பாற்படுத்துவர். காரியத்தைக் காரணத்தோடு ஒருங்கெண்ணுதல் பொருளாராய்ச்சியிற் பிழையாகும். சீனர் அங்ஙனம் எண்ணியது, அவர் எண்ணியது பொருளையன்று, இயக்கத்தை ஆகலான். தளிர்த்து நீளுதலுக்கு மரம் குறி. குவிந்து செறிதலுக்கு உலோகம் குறி. இந்நோக்கில் அவர் எண்ணில் குறைவுமில்லை, மிகையுமில்லை. முதல் வினாவிற்குச் சீனரைப் பற்றியவரையில் விடை இதுவே: எண் ஒன்று, பொருள் வேறு.

3. ஐந்து கைவீச்சு

இவ்வியக்கக் கொள்கை போர்ப்பயிற்சியில் எங்ஙனம் அமைந்ததென்பதை 'ஷிங் யீ' என்னும் கலையிற் தெளியக் காணலாம். ஈண்டு ஷிங் என்பது வடிவு எனப் பொருள்படும் வேறு சொல். யீ என்பது உட்கருத்து. உட்கருத்தும் புறவடிவும் ஒன்றுதல் இக்கலையின் நோக்கம். பதினேழாம் நூற்றாண்டில் ஷான்ஸி நாட்டில் வாழ்ந்த ஜீ ஜீகே என்னும் வேல்வீரர் இதன் முதலாசிரியர் என்பது அம்மரபினர் கொள்கை. பேரறிஞராகிய சுன் லூதாங் என்பார் (1933-இல் மறைந்தவர்) 1915-இல் இக்கலைபற்றி நூலொன்று வெளியிட்டார். வழிவழிச் செவிச்செல்வமாக இருந்த கருத்துக்கள் பல அதனாற் பலரும் அறிய வந்தன.

இக்கலைக்கு அடிப்படை ஐந்து கைவீச்சு. மேலிருந்து கோடரிபோற் பிளந்திறங்கும் வீச்சு உலோகம் எனப்படும். கீழிருந்து திருகி மேலெழுந்து, சிறு இடைவெளியிலும் நுழைவது நீர். அம்புபோல் நேரே பாய்வது மரம். அடக்கிவைத்த மருந்து வெடித்தாற்போல் திடீரெனப் புறப்படுவது தீ. குறுக்கே உருண்டு தள்ளுவது மண். இவற்றை உலோகம், நீர், மரம், தீ, மண் என ஈனும் முறையிற் பயின்றால், ஒரு வீச்சின் முடிவே அடுத்த வீச்சின் தொடக்கமாக அமையும். இருவர் எதிர்நின்று பயிலும்போது அடக்கும் முறை பயன்படும். நேரே பாயும் மரவீச்சை மேலிருந்து இறங்கும் உலோகவீச்சுத் தடுக்கும். அவ்வுலோகவீச்சைத் தீவீச்சு மேலேற்றி அகற்றும். அத்தீவீச்சை நீர்வீச்சுத் திருகி விலக்கும். நீர்வீச்சை மண்வீச்சுக் குறுக்கே தள்ளும். மண்வீச்சை மரவீச்சு ஊடுருவும்.

எவ்வீச்சும் தனித்து வெல்வதன்று என்பது இங்கு நோக்கத்தக்கது. ஒவ்வொன்றற்கும் பெற்ற தாயும், அடக்கும் பகையும் உண்டு. வலிமையிற் செருக்குற்ற மாணவனுக்கு, உன் வீச்சை அடக்குவதொன்று உண்டு என்பதை அவ்வட்டமே கற்பிக்கும். மேலும், அவ்வீச்சு ஐந்தும் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், நெஞ்சு, மண்ணீரல் என்னும் உறுப்பைந்தினொடும் பொருத்தப்படுதலின், அப்பயிற்சி பகைவெல்லுதலுக்கே அன்றி உடலோம்புதலுக்கும் உரியதென மதிக்கப்படும். தைஜி என்னும் மென்மைக் கலையாரும் முன்செல்லல், பின்வாங்கல், இடம்நோக்கல், வலம்நோக்கல், நடுநிற்றல் என்னும் கால்நிலை ஐந்தையும் இவ்வைந்தாகவே கூறுவர். அவற்றுள் நடுநிற்றல் மண் எனப்படும். திசை நான்கினுக்கும் நடுவாய், அசையாது நின்று அசைவிற்கு நிலைக்களமாதலின் அப்பெயர் பொருந்துவதாயிற்று.

4. நீர் என்னும் குறி

இயற்கைப் பொருள்களுள் கீழைநாட்டார் மிகுதியும் போற்றிய குறி நீரே. அதனினும் மெல்லியது உலகில் இல்லை எனினும், வலியவற்றைத் தேய்த்து வெல்வதும் அதுவே என்னும் கருத்து லாவோ ட்சு என்னும் பழைய சீனஞானியின் நூலிற் காணப்படும். யாவரும் வெறுக்கும் தாழ்விடத்தை நீர் நாடிச்செல்லுதலை அவர் உயர்ந்த பண்பிற்குக் குறியாக்கினார். மென்மை வன்மையை வெல்லும் என்னும் இக்கருத்தே ஜப்பானில் 'ஜூ' என்னும் சொல்லாற் குறிக்கப்பட்டு மற்கலைக்கு நெறியாயிற்று. 1882-இல் கானோ ஜிகோரோ என்பார் பழைய மற்கலை மரபுகளைத் திருத்தி, ஜூடோ எனப் பெயரிட்டுத் தோக்கியோ நகரில் கற்பிக்கத் தொடங்கினர். தள்ளுவானைத் தள்ளாது அவன் தள்ளும் வலியையே கொண்டு அவனை வீழ்த்துதல் அதன் நுட்பம்.

நீரின் மற்றொரு நிலை மதிபிம்பம். யாக்யூ முனெனோரி (1571–1646) தொக்குகவா அரசத்தலைவர்க்கு வாளாசிரியராய் விளங்கியவர். அவர் 1632-இல் எழுதிய நூலில், நீரில் திங்கள் தோன்றுதல் ஒரு நுட்பமாகக் கூறப்படும். முகில் விலகிய அக்கணமே நீரில் மதி தோன்றும். மதி விழவேண்டுமென எண்ணுவதில்லை. நீர் ஏற்கவேண்டுமென எண்ணுவதில்லை. எண்ணி முயலும் இடைவெளியின்றி மனமும் கையும் ஒருங்கு செல்லவேண்டும் என்பதற்கு இஃது உவமை. இவ்வுவமையைக் கண்டவுடன், ஏகான்மவாதிகள் கூறும் பிரதிபிம்பவாதம் நம் சித்தாந்தத்தில் மறுக்கப்பட்டதன்றோ, இதனையும் மறுக்கவேண்டாவோ என ஐயுறுவாருமுளர். அவ்வையம் வேண்டா. பிரமம் ஒன்றே பல உயிராய்த் தோன்றும் என்பதற்கு அவர் மதிபிம்பத்தை எடுத்தனர். வாளாசிரியர் விரைவிற்கு எடுத்தனர். உவமை ஒன்றாயினும் அதனாற் சாதிக்கப்படும் பொருள் வேறு.

முனெனோரிக்கு நண்பராகிய தகுவான் என்னும் துறவி அவருக்கு விடுத்த திருமுகமொன்றில், அசையா அறிவு என்பதை விளக்கினர். அசையாமை என்பது கல்லும் மரமும்போற் கிடத்தலன்று. மனம் யாதொன்றிலும் தங்கிவிடாமையே அசையாமை. ஆயிரங் கையுடைய தேவ வடிவில் வில்பிடித்த ஒரு கையில் மனம் தங்கிவிடின் ஏனைக் கைகளெல்லாம் பயனற்றொழியும். எங்கும் தங்காதாயின் எல்லாக் கையும் தொழிற்படும் என்று அவர் காட்டினர். பகைவன் வாளில் மனம் தங்கின் அவ்வாளே வீரனைக் கொள்ளும். புலனைப் பற்றிய மனம் அப்புலனுக்கே அடிமையாதலை அறிந்த நம்மனோர்க்கு இது புதியதன்று. எனினும், உயிர்போம் நிலையில் நின்று அதனை ஆராய்ந்தவர் வாய்மொழி என்பதனால் அதற்கொரு தனிச்சிறப்புண்டு.

5. முசாஷியின் ஐந்து ஏடு

இனி, நம் ஆராய்ச்சிக்கு நடுவாக நிற்கும் நூலை எடுத்துக்கொள்வாம். மியமோத்தோ முசாஷி என்னும் வாள்வீரர் பதின்மூன்றாம் அகவைமுதல் முப்பதிற்குள் அறுபதிற்கு மேற்பட்ட போர்கள் செய்து ஒன்றிலும் தோலாதவர் எனத் தம்மைப்பற்றித் தாமே கூறுவர். முப்பது கடந்தபின், வென்றது கலையின் நிறைவாலா, எதிரியின் குறைவாலா என ஆராயத் தொடங்கி, ஐம்பதாம் அகவையளவிற் தெளிவுற்றனர். 1643-இல், தம் அறுபதாம் அகவையில், குமமோத்தோவிற்கு அணித்தான இவாத்தோ மலையையடைந்து நூலெழுதத் தொடங்கினர். 1645-இல் இறக்குமுன் அதனைத் தம் மாணவர் ஒருவர்க்கு அளித்தனர். ஐந்து வட்டங்களின் நூல் என அஃது இன்று வழங்கும்.

நில ஏட்டில் அவர் தம் நெறியின் பரப்பைக் கூறுகின்றார். நிலத்தில் நேர்வழியை வரைந்து காட்டுதல் போல்வதாகலின் அதற்கு நிலம் எனப் பெயர். அங்கே படைத்தலைவனுக்குத் தலைமைத் தச்சனை உவமை கூறுவர். கணுவில்லாத நேர்மரத்தை முன்தூணுக்கும், சிறுகணுவுடையதைப் பின்தூணுக்கும், கோணலாயினும் வலியதை உரிய மறைவிடத்திற்கும், வலியற்றதைச் சாரத்திற்கும் தெரிந்து வைப்பவன் நல்ல தச்சன். அவ்வாறே ஆளறிந்து பணிகொடுப்பவன் நல்ல தலைவன். வாள்நூல் தச்சுநூலில் தொடங்குதல் வியப்பன்றோ! கலை யாதாயினும் அதற்கடி நிலமறிதலே என்பது அவர் துணிபு.

நீர் ஏடு உடல்நிலையையும் வாள்முறையையும் கூறும். கலம் சதுரமாயிற் சதுரமாயும் வட்டமாயின் வட்டமாயும் அமைவது நீர். துளியாயும் இருக்கும், கடலாயும் இருக்கும். மனம் அங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பார். இருவகைப் பார்வையும் இவ்வேட்டிற் கூறப்படும். கண்ணாற் காணுதல் ஒன்று. உள்ளத்தால் ஊடுருவி உணர்தல் ஒன்று. பின்னதை வலிதாக்கி முன்னதைத் தணிவாக வைத்தால், தொலைவிலுள்ளது அணிமையாகவும் அணிமையிலுள்ளது தொலைவாகவும் புலனாகும் என்பர்.

தீ ஏடு போரின் வெம்மையைக் கூறும். சிறுபொறியும் பெருநெருப்பும் தீயென்னும் இயல்பால் ஒன்றாதல்போல, ஒருவனோடு ஒருவன் பொருதலும் பதினாயிரவர் பதினாயிரவரோடு பொருதலும் நெறியால் ஒன்றே என்பர். அடுத்தது காற்று ஏடு. ஜப்பானிய மொழியிற் காற்றைக் குறிக்கும் சொல்லே நடை, பாணி என்னும் பொருளையும் தரும். ஆதலால் பிறமரபினர் பாணிகளை ஆராய்ந்து குறைகாட்டும் ஏட்டிற்கு அப்பெயர் இருபொருளும் நயந்து இடப்பட்டது. பிறர் மதம் அறியாதான் தன் மதத்தை அறிந்தவனாகான் என்பது அவர் கொள்கை. பரபக்கம் கண்டே சுபக்கம் காணும் சித்தியார் மரபில் வந்த நமக்கு இவ்வமைப்பு இனிதாகவே தோன்றும். இறுதியது வெளி ஏடு. ஏனை நான்கும் விரிந்து நிற்க, இது மிகச் சுருங்கியது. இதனைப் பின்னர் ஆராய்வாம்.

நில முதல் வெளி ஈறாகிய இம்முறை நமக்குப் பழக்கமானதே. தோற்ற முறையில் வெளியினின்று தொடங்கி நிலத்தில் முடிப்பர். ஒடுக்க முறையிலோ நிலத்தினின்று தொடங்கி மேன்மேற் செல்வர். முசாஷி கொண்டது இவ்வொடுக்க முறையை ஒத்தது. எனினும், அவர் நிலம் நீரில் ஒடுங்கும், நீர் தீயில் ஒடுங்கும் என யாண்டும் கூறினாரல்லர். ஆகலின் அவரிடத்தும் ஐந்தும் குறியே. ஆயினும் சீனர் ஐந்தைப் போலன்றி, இவ்வைந்தின் பெயரும் வரிசையும் நம் நாட்டினின்று சென்றனவே. அது எவ்வாறெனக் காட்டுதும்.

6. வட்டம் ஐந்தும் உண்மை விளக்கமும்

ஜப்பானில் இறந்தோர் நினைவாக 'கொரிந்தோ' என்னும் கற்றூண் நாட்டுவது பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் தொடங்கிய வழக்கம். அது ஐந்து உறுப்புக்களை அடுக்கியது. அடியிற் சதுரம், அதன்மேல் உருண்டை, அதன்மேல் முக்கோணக் கூரை, அதன்மேற் பாதிமதி, உச்சியில் மணிவடிவு. இவை முறையே நிலம், நீர், தீ, காற்று, வெளி என்பவற்றைக் குறிக்கும். ஒவ்வொன்றிலும் வடமொழி வித்தெழுத்துப் பொறிக்கப்படும். அவை அகரம், வகரம், ரகரம், ஹகரம், வெளியைக் குறிக்கும் இரண்டாங் ககரம் என்பன. நிறங்களாவன: நிலம் மஞ்சள், நீர் வெண்மை, தீ செம்மை, காற்றுக் கருமை, வெளி நீலம்.

இதனை நம் மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றாகிய உண்மை விளக்கத்தோடு வைத்து நோக்குக. திருவதிகை மனவாசகங் கடந்தார் பூதங்களின் வடிவு, நிறம், எழுத்து என்பவற்றை வரிசையாக வகுத்துள்ளார். அங்கும் நிலம் நாற்கோணம், தீ முக்கோணம். நீரோ பாதிமதி, காற்று அறுகோணம், வெளி வட்டம். நிறத்தில் நிலம் பொன்மை, நீர் வெண்மை, தீ செம்மை, காற்றுக் கருமை, வெளி புகைநிறம். எழுத்து லகரம், வகரம், ரகரம், யகரம், அகரம் என்பன. வடிவில் இரண்டும், நிறத்தில் நான்கும், எழுத்தில் வகரமும் ரகரமும் ஒத்துள்ளன. பாதிமதி அவரிடத்துக் காற்றிற்கும் நம்மிடத்து நீருக்கும் உரியதாயிற்று. அகரம் அவரிடத்து நிலத்திற்கும் நம்மிடத்து வெளிக்கும் உரியதாயிற்று.

இவ்வொப்புமை தற்செயலாய் நேர்ந்ததாகாது. ஆயினும், உண்மை விளக்கத்தினின்றே அவர் கொண்டார் எனலும் ஆகாது. உண்மை விளக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டிற் தோன்றியது. ஜப்பானியர் கொள்கை அதனின் முந்தியது. ககுபன் என்னும் துறவி (1095–1143) இவ்வட்டம் ஐந்தையும் பற்றித் தனிநூலே எழுதியுள்ளார். எனவே, பழைய பாரத நாட்டில் மந்திர நெறியார் பலர்க்கும் பொதுவாயிருந்த பூதசுத்தி முறையினின்றும் ஒருகிளை சைவாகமங்களிலும், ஒருகிளை பௌத்தர் மந்திரயானத்திலும் தழைத்தன எனக் கொள்ளுதலே முறை.

அக்கிளை கிழக்கே சென்ற வழியும் வரலாற்றிற் புலனாகின்றது. வச்சிரபோதி (671–741) என்னும் ஆசிரியர் காஞ்சியிற் பல்லவன் நரசிங்கவர்மன் காலத்தில் வற்கடம் நீங்க மழைவேண்டி வழிபட்டார் என்று சீனர் எழுதிய அவர் வரலாறு கூறும். அந்நரசிங்கவர்மன், காஞ்சிக் கயிலாயநாதர் திருக்கற்றளியை எடுப்பித்த இராசசிங்கனே. வச்சிரபோதி கடல்வழியாக 719-இற் சீனஞ் சேர்ந்தனர். அவர் மாணாக்கர் அமோகவச்சிரர். அவர் மாணாக்கர் ஹுய்குவோ. வடநாட்டினின்று சென்ற சுபகரசிங்கர் மொழிபெயர்த்துப் பரப்பிய மற்றொரு மந்திர மரபும் ஹுய்குவோவிடம் வந்து கூடியது. 804-இற் சீனஞ் சென்ற கூகாய் என்னும் ஜப்பானியத் துறவி ஹுய்குவோவின்பால் இரண்டையுங் கேட்டு, 806-இற் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். முசாஷி பௌத்தர் சொற்களைத் தாம் கடன்கொள்வதில்லை எனத் தம் நூன்முகத்திற் கூறினும், எண்ணூறு ஆண்டளவாகத் தம் நாட்டில் வேரூன்றிய ஐந்தின் வரிசையையே ஏடுகட்குப் பெயராக்கினார். காஞ்சிக்கும் கீழைநாட்டிற்கும் உள்ள மெய்யான தொடர்பு இதுவே. இது மந்திரத்தின் வழி, மற்போரின் வழியன்று.

7. போதிதருமரைப் பற்றிய கூற்று

இனி இரண்டாம் வினா. ஷாவோலின் மடத்துப் போர்க்கலையைக் காஞ்சி அரசகுமரராகிய போதிதருமர் கற்பித்தார் என்பது இந்நாளில் நம்மவர் பலர் வாயிலும் வழங்குகின்றது. போதிதருமரைக் குறிக்கும் பழைய சீன ஏடு 547-இல் எழுந்தது; அது அவரைப் பாரசீகத்தினின்று வந்த துறவியாகக் கூறும். வேறு பழைய ஏடுகள் தென்னிந்தியர் என்னும். அவற்றுள் ஒன்றேனும் அவர் போர்க்கலை பயிற்றினார் எனக் கூறவில்லை. ஷாவோலின் துறவிகள் 621-இற் போரில் துணைநின்றமையைக் கூறும் 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் அச்செய்தி இல்லை. அம்மடத்தாரே தம் தடிப்பயிற்சிக்கு முதல்வராகக் கின்னர தேவரையே முன்னாளிற் கூறிவந்தனர். உடற்பயிற்சியைப் போதிதருமரொடு சார்த்திய நூல் 1624-இல் எழுந்தது. அதன் முன்னுரைகள் பழைமை தோன்றப் புனையப்பட்டன என ஆராய்ச்சியாளர் தெளிந்துள்ளனர். சீன அறிஞராகிய தாங் ஹாவோ 1930-இலேயே இக்கதை ஆதாரமற்றதென நூலெழுதி நிறுவினர்.

இதனைக் கூறுதல் நம் நாட்டின் பெருமைக்கு இழுக்காமோ எனின், ஆகாது. உண்மையல்லாத பெருமையைத் தாங்கிநிற்பார்க்கு அஃது என்றேனும் ஒருநாள் வீழ்ந்தே தீரும். வீழுங்கால், உண்மையாக உள்ள பெருமையையும் உடன்கொண்டு வீழும். வச்சிரபோதியார் வரலாறு பழைய ஏட்டிற் சான்றுடையதாயிருப்ப, அதனை விடுத்துப் பதினேழாம் நூற்றாண்டுப் புனைவைப் பற்றுதல் கனியிருப்பக் காய்கவர்தலாம். மாணவர்க்கு இதனை இனிமையாகவும் ஐயமறவும் எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.

8. வெளி

மூன்றாம் வினா வெளியைப் பற்றியது. முசாஷி கூறும் வெளி யாது? அறியப்படாததை வெளியெனக் கூறுவாரை அவர் மறுக்கின்றார்; அறியாமை வெளியாகாது, மயக்கமேயாம் என்பர். ஆயுதப் பயிற்சியை ஐயந்திரிபறக் கற்று, நாடோறும் பொழுதுதோறும் தளராது பயின்று, மனத்தையும் இருவகைப் பார்வையையும் தீட்டி, மயக்கமாகிய முகில் எஞ்சாது நீங்கியபின் நிற்பது எதுவோ அதுவே வெளி. அவ்விடத்து அறிவும் முறையும் நெறியும் உள்ளனவாகவே அவராற் கூறப்படும்.

ஆதலின், அது சித்தியார் பரபக்கத்தில் மறுக்கப்படும் மாத்தியமிகரின் சூனியத்தை அவ்வாறே எடுத்துரைப்பதன்று. எல்லாம் பாழ் என்பாரிடத்து அறிவும் நெறியும் எஞ்சி நில்லா. பூதாகாயமும் அன்று, பூதாகாயம் சடம், ஓசைத் தன்மாத்திரையிற் தோன்றி இடங்கொடுத்தல் என்னும் தொழிலுடையது. ஆயினும் குறியென்னும் அளவில் அத்தொழில் இங்குப் பொருந்துகின்றது. எவ்வீச்சிற்கும் முன்கூட்டி இடத்தை அடைத்துக்கொள்ளாது, வருவதற்கெல்லாம் இடங்கொடுத்து நிற்கும் தேர்ந்த மனத்திற்கு வெளி தக்க குறியே.

அங்ஙனமாயின் அதனைத் தில்லைச் சிதாகாயம் எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. காரணம் கூறுதும். நீர் கலத்தின் வடிவங் கொள்ளும். கொண்டபோதும் நீராகவே இருக்கும். அதனை மனத்திற்கு உவமையாக்கிய முசாஷி, பயிற்சியால் மனம் எவ்வடிவுங் கொண்டு எதனாலும் பற்றப்படாது நிற்கலாம் என்றார். நம் ஆசிரியர் உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் இயல்பு என்றனர். மலத்தைச் சார்ந்து மலமாய் நின்ற உயிர், தான் அதுவல்லேன் என்பதைத் தானே அறியமாட்டாது. அறிவிக்க ஒருவன் வேண்டும். நிலமுதல் நாதம் ஈறாகத் தத்துவங்களைத் தன்னின் வேறாகக் காணுதல் தத்துவ தரிசனம். அவற்றினின்று நீங்குதல் தத்துவ சுத்தி. தசகாரியத்துள் இவை தொடக்கமே. பூதம் ஐந்தும் அடங்கி, பொறிபுலன் அடங்கி, எண்ணமும் அடங்கிய இடத்தும், அடக்கினேன் யான் என்னும் ஆணவம் எஞ்சி நிற்கும். வாள்வீரர் கூறும் வெளி, மனம் தெளிந்த நிலை. அது முயற்சியின் முடிவு. தில்லைவெளி திருவருள் வெளி. முயற்சி ஓய்ந்த இடத்தில் அதுவே உயிரை எடுத்துக்கொள்வது. முன்னதை வென்று பெறலாம். பின்னதற்குத் தோற்றே பெறவேண்டும்.

9. முடிபு

இதுகாறுங் கூறியவற்றால், சீனர் ஐந்து இயக்கக் குறிகள் என்பதும், ஜப்பானியர் ஐந்து பெயரால் நம்நாட்டினவாயினும் வாள்நூலிற் குறியாகவே நின்றன என்பதும், சித்தாந்தத்தில் ஐம்பூதம் உள்பொருளாகிய தத்துவங்கள் என்பதும், காஞ்சித் தொடர்பு மந்திரநெறி பற்றியதேயன்றிப் போர்க்கலை பற்றியதன்று என்பதும் விளங்கும். அவர் பூதங்களை ஆசிரியராகக் கொண்டு, அவைபோல் ஆதற்கு முயன்றனர். நம் முன்னோர் அவற்றைத் தன்னின் வேறாகக் கண்டு நீங்குதற்கு முயன்றனர். நோக்கம் வேறாயினும், ஒன்றை நீங்குதற்கும் அதனை உள்ளவாறு அறிதல் வேண்டுமன்றே? அவ்வறிவில் அவர் காட்டிய உழைப்பு நாணத்தக்க அளவிற்கு நம் உழைப்பினும் பெரிது.

உண்மை விளக்கம் கூறும் வடிவையும் நிறத்தையும் எழுத்தையும் நெட்டுருச் செய்து ஒப்பிப்பாருள், ஒருநாளேனும் தன் உடம்பின்கண் நிலத்தின் திண்மையையும் நீரின் நெகிழ்ச்சியையும் தீயின் வெம்மையையும் வளியின் அசைவையும் வெளியின் இடத்தையும் வேறுவேறாக உணர்ந்தார் எத்துணையர்? பூதசுத்தி நாடோறும் செய்யும் பூசகரும் அதனைக் கைக்குறியளவில் முடித்தல் காண்கின்றோம். இளைஞர் ஒருவர் குத்துப்பயிற்சி ஐந்தையும் ஆண்டு பலவாகப் பயின்ற உடம்போடு வந்து வினாவும்பொழுது, அவர்க்கு விடைகூறும் தகுதி நூலொப்பித்தலால் மட்டும் வாராது. அவர் கற்ற ஒழுக்கத்தைப் போற்றி, அவர் கேட்ட புனைவை நீக்கி, அவர் நிற்கும் வெளிக்கு அப்பாலும் ஒரு வெளி உண்டென்பதை நாம் ஒழுகிக் காட்டுதல் வேண்டும். அதனைச் செய்யின், வினாவியவரும் பயனடைவர்; விடை கூறுவாரும் தம் சாத்திரத்தை இரண்டாமுறை கற்றவராவர்.

திருச்சிற்றம்பலம்.